கைகாட்டி வைத்த காடி

பழைய பொருளுக்கெல்லாம் பவிசு வந்துவிட்ட காலம் இது. பாட்டி காலத்துக் குத்துவிளக்கு, தாத்தா பாட்டுக் கேட்ட ரேடியோப் பெட்டி, பால் சுமந்த தகர வாளி, எதைக் கொண்டுபோய்ப் பட்டணத்தில் வைத்தாலும் வாங்க ஆள் இருக்கிறது. அந்த வரிசையில் காடியும் சேர்ந்துவிட்டது. தொரைமார்கள் ஓட்டி, கிராணிமார்கள் ஓட்டி, கடைசியில் கோழி அடையும் கூடாகக் கிடந்த பழைய காடிகளுக்கு இன்று பல்லாயிரம் வெள்ளி விலை சொல்கிறார்கள்.

அப்படி ஒரு காடியைப் பார்க்க நாங்கள் மூன்று பேர் ஈப்போவுக்குப் போய் வந்தோம். நான், எண்பது வயதை எட்டிவிட்ட என் தந்தையார், என் தங்கையின் கணவர். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாசகர்களில் யாருக்காவது அது உதவலாம்.

தங்கையின் கணவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 22 ஆண்டுகள் உழைத்தவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கணக்குத் தீர்த்து அவர் கையில் 38,000 வெள்ளி நட்டஈடு கொடுத்தார்கள். இருக்கும் வீட்டைக் காலி செய்யத் தவணையும் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் அவர் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டார்: பச்சை நிறத்தில் ஒரு மோரிஸ் மைனர், விலை 35,000 வெள்ளி.

"வாங்கிப் போட்டா ரெண்டு வருஷத்துல ரெட்டிப்பா வித்துடலாம் மச்சான். பழைய காடின்னா தங்கம் மாதிரி" என்றார் அவர்.

தங்கை என்னிடம் தனியே வந்தாள். "அண்ணே, அது வீட்டுக்கு முன்பணம் கட்ட வெச்சிருந்த காசு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையை நேராகத் தடுத்தால் வீம்பு பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால், "போய்ப் பார்ப்போம் மாப்பிள்ளை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவோம். அவருக்குத் தெரியாத மோரிஸ் மைனரா?" என்றேன். அவரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

அப்பா 1964இல் தோட்டத்து ஆபீஸ் டிரைவராக வேலைக்குச் சேர்ந்தவர். அவர் கையில் கொடுக்கப்பட்டது கம்பெனிக்குச் சொந்தமான ஒரு கறுப்பு மோரிஸ் மைனர். பின்னாளில் தொரைக்கு லேண்ட் ரோவர் வந்ததும் அந்தக் கறுப்புக் காடி தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. காடியோடு அப்பாவும் போனார்.

பழைய சாலையில்

ஒரு சனிக்கிழமை காலை பசியாறிவிட்டுப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் ஏறாமல் செம்மோர் வழியாகப் பழைய சாலையிலேயே போகச் சொன்னார் அப்பா. ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். முன்பு பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை. செம்பனை நின்ற இடத்தில் வரிசை வீடுகள். சுண்ணாம்புக் குன்றுகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

சாலை நெடுகிலும் அப்பா பழைய கதை சொல்லிக்கொண்டே வந்தார். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தொரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் பிறந்ததும் நாம் பாடத்தில் படித்தவை. அப்போது அப்பா சிறு குழந்தை. ஆனால் அவருக்கு முன் வேலை பார்த்த டிரைவர் அந்தக் காலத்தில் ஓடியவர். காடிகளில் இரும்புத் தகடு பதித்து, சந்து வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டிய கதைகளை அவர் சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். "தொரைக்குத் துப்பாக்கி உண்டு. டிரைவருக்கு ஸ்டேரிங் மட்டும்தான்" என்றார் அப்பா.

அதே 1948ஆம் ஆண்டு அக்டோபரில்தான் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மோரிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. நம் வட்டாரத்தின் துன்பகாலமும் அந்தக் காடியும் ஒரே வயது.

ஈயம் கொடுத்த காடிகள்

ஈப்போவில் பழைய காடிகள் நிறைய அகப்படுவதற்குக் காரணம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் அளித்த பூமி. 1909இல் எழுந்த மணிக்கூண்டும், ஹப்பேக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்து 1917இல் முடிந்த வெள்ளை நிற ரயில் நிலையமும் அந்தச் செல்வத்தின் காலத்தில் வந்தவை. ஈயத்தில் சம்பாதித்தவர்கள் பெரிய காடிகளாக வாங்கினார்கள். அவர்களுடைய கணக்கர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் மோரிஸ், ஆஸ்டின் என்று சிறியவற்றை வாங்கினார்கள்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்தது. ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். அப்பாமார் ஓட்டிய காடிகள் பலவும் கொட்டகையில் தூசி படிந்து நின்றுவிட்டன. அவைதான் இப்போது வெளியே வருகின்றன.

புந்தோங்கில் இறங்கிக் கச்சான் பூத்தே வாங்கிக்கொண்டோம். நம் மக்கள் வறுத்தெடுத்துப் பெயர் வாங்கிய கடலை அல்லவா! பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே விளம்பரத்தில் கண்ட முகவரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பச்சைக் காடி

விற்பவர் நம்மவர்தான்; முப்பது வயது இருக்கும். "வாங்க அங்கிள், வாங்க சார்" என்று நாற்காலி போட்டு, குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார். வெயிலில் பச்சைக் காடி கண்ணாடிபோல் மின்னியது. மாப்பிள்ளையின் முகமும் மின்னியது.

"1953ஆம் வருஷத்துக் காடி சார். எல்லாமே அசல். ஒரு ஆணி மாத்தல" என்றார் அவர்.

அப்பா உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு முன் கண்ணாடியின் எதிரே நின்றார்.

"மாப்புள, இந்தக் கண்ணாடியப் பாருங்க. நடுவுல கம்பி இருக்கா?"

"இல்லீங்களே மாமா."

"53ல வந்ததுக்கு நடுவுல கம்பி உண்டு. ரெண்டு துண்டுக் கண்ணாடி."

அப்பா சொன்னதன் பின்னணியை வாசகர்களுக்கு நான் விளக்கிவிடுகிறேன். மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். மாதிரிக் காடி தயாரான பிறகு அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நெடுகிலும் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார்; அதுதான் சரி என்று முடிவு செய்தார். ஆனால் பம்பர்களை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தார்கள். அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டே முதல் காடிகளை அனுப்பினார்கள். கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அந்த உருவமே பிடிக்கவில்லை. ஓடு நீக்கி வேகவைத்த முட்டைபோல் இருக்கிறது என்று கேலி செய்தாராம். அந்த முட்டைதான் 1960ஆம் ஆண்டு இறுதியில் பத்து லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் காடி அதுவே. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் ஏறக்குறைய 16 லட்சம் மோரிஸ் மைனர்கள் வெளிவந்திருந்தன.

இத்தனை ஆண்டுகளில் உருவம் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் ஏமாறுவது சுலபம். ஆனால் சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. முதலில் வந்தவற்றில் என்ஜின் 918 சிசி. ஆஸ்டினும் மோரிஸும் 1952இல் ஒன்றான பிறகு 803 சிசி என்ஜின் வந்தது. 1956இல் 948 சிசி. அப்போதுதான் முன் கண்ணாடி ஒரே துண்டாக வளைந்து வந்தது, பின் கண்ணாடியும் பெரிதானது. 1961 வரை திரும்பும் திசையைக் காட்டக் கதவை அடுத்த தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும், கைகாட்டி என்போம். அதன் பிறகே மினுக்கும் விளக்கு. 1962இல் 1098 சிசி என்ஜின்.

பச்சைக் காடியில் கண்ணாடி ஒரே துண்டு. பின் கண்ணாடி பெரியது. கைகாட்டி இருந்த தடமே இல்லை. 1953 என்று அட்டை சொல்கிறது; 1961க்கு மேல் என்று காடி சொல்கிறது.

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தேன். அறிவியல் பாடத்துக்கு வைத்திருக்கும் காந்தம். அப்பா எடுத்துவரச் சொல்லியிருந்தார். கதவில் வைத்தேன், ஒட்டியது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் வைத்தேன், தொப்பென்று விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தேன், அங்கும் விழுந்தது. தகரம் போய், வெறும் பூச்சு மாவை அப்பிச் சாயம் அடித்திருந்தார்கள்.

"இந்தக் காடிக்குத் தனியா சட்டம் கிடையாது மாப்புள. இந்தத் தகரமும் தரையும்தான் எலும்பு. வீட்டுக்குத் தூண் மாதிரி. தூணு மாவாப் போனா வீடு நிக்குமா?" என்றார் அப்பா.

பிறகு பதிவு அட்டையைக் கேட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். என்ஜின் மூடியைத் திறந்து, உள்ளே தகட்டில் அடித்திருந்த சேசிஸ் எண்ணைப் படிக்கச் சொன்னார். அட்டையில் இருந்தது ஒன்று, தகட்டில் இருந்தது ஒன்று. தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தன.

விற்பவரின் குரல் மாறியது. "நம்ம ஆளு நம்ம ஆளையே ஏமாத்துவேனா அங்கிள்? நான் வாங்கினப்பவே இப்படித்தான் இருந்திச்சு" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம். ஆனால் ஏமாந்தவர் கையிலிருந்து நாம் வாங்கினாலும் ஏமாற்றம் ஏமாற்றம்தான். கைமாற்றும்போது சோதனை நிலையத்தில் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எண் பொருந்தாத காடி பிடிபட்டால் காடியும் போகும், காசும் போகும்.

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கச்சான் பொட்டலத்தை மடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

கொட்டகையில் ஒன்று

திரும்பும் வழியில் ஒரு பட்டறை வாசலில் பழைய ஃபோக்ஸ்வேகன் ஒன்று நின்றது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே ஒரு சீனத் தவுக்கே, வயது எழுபதுக்கு மேல், கை முழுக்கக் கிரீஸ். அப்பா மலாயில் பேச்சுக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் இருவரும் பழைய சிநேகிதர்கள்போல் ஆகிவிட்டார்கள்.

வாசலில் நின்ற ஃபோக்ஸ்வேகனைப் பற்றித் தவுக்கே பெருமையாகச் சொன்னார். என்ஜின் பின்னால், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றுப் போதும். அந்த வகைக் காடி 2003இல் மெக்சிகோவில் கடைசியாக வெளிவரும்வரை இரண்டு கோடியைத் தாண்டி விற்றது.

அதன் பக்கத்தில் நின்றதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்துவிட்டார். முதல் வகைப் புரோட்டோன் சாகா! "இதுவுமா பழைய காடி?" என்றார். தவுக்கே சிரிக்கவில்லை. 1985 ஜூலையில் ஷா ஆலமில் வெளிவந்த நம் நாட்டின் முதல் காடி; முதல் காடி தேசியப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது; இப்போது இளைஞர்கள் இதைத் தேடி வருகிறார்கள் என்றார். சாகா என்பது நாம் மஞ்சாடி என்று சொல்லும் சிவப்பு விதையின் பெயர். பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய விதை. எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் புதுக் காடி வாங்கிய தொழிலாளி வீட்டில் நின்றதும் ஒரு சாகாதான். அன்று தோட்டமே போய்ப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

கொட்டகையின் கடைசியில், தார்ப்பாயின் கீழே ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. சாம்பல் நிறம். துருப்பிடித்தது மறைக்கப்படவில்லை. இரண்டு துண்டுக் கண்ணாடி, தூணில் கைகாட்டி. பதிவு அட்டையில் 1955. எண்கள் இரண்டும் பொருந்தின. பதிவு எண் 'ஏ' என்று பேராக்கின் எழுத்தில் தொடங்கியது. ஒன்று சொல்லவேண்டும்: நம் நாட்டில் பதிவு எண்ணை ஒரு காடியிலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி மாற்ற இடம் உண்டு. நல்ல எண்ணுக்குத் தனி விலையே உண்டு. அதனால் பழைய எண்ணைப் பார்த்துப் பழைய காடி என்று முடிவு கட்டக்கூடாது.

விலை கேட்டார் மாப்பிள்ளை. 9,000 வெள்ளி என்றார் தவுக்கே. மாப்பிள்ளையின் கண்ணில் மறுபடியும் ஒளி வந்தது. தவுக்கே கையை ஆட்டினார். தகரவேலை, சாயம், ரப்பர், இருக்கை எல்லாம் பார்த்தால் வாங்கிய விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். உதிரிப்பாகங்கள் இங்கிலாந்திலிருந்து இன்றும் கிடைக்கின்றன, இலங்கையில்கூடத் தகடுகள் செய்து அந்த நாட்டுக்கே அனுப்பியதுண்டு. ஆனால் பொறுமையும் காசும் இருப்பவனுக்குத்தான் இது ஏற்றது என்றார். "ஆசைக்கு வாங்கு. லாபத்துக்கு வாங்காதே" என்று மலாயில் அவர் சொன்னதை அப்பா தமிழில் திருப்பிச் சொன்னார்.

அப்பா உட்கார்ந்தார்

தவுக்கே ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். அப்பாவைப் பார்த்து, ஏறி உட்காரச் சொன்னார்.

அப்பா கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். 'டிக், டிக், டிக்' என்று பெட்ரோல் பம்பு துடித்துவிட்டு அடங்கியது. அந்த ஓசை அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டுமாம். பிறகு ஒரு விசையைத் தட்டினார். தூணிலிருந்து சிவந்த கைகாட்டி மெல்ல எழுந்து, பாதி வழியில் தயங்கி, முழுதாக நீண்டது. அதன் நுனியில் விளக்கு எரிந்தது.

அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"முன்சக்கரத்து மூட்டுக்கு மாசம் தவறாம கிரீஸ் போடணும். போடலேன்னா ஒருநாள் சக்கரம் மடங்கிப் படுத்துடும். நான் ஒரு மாசம்கூட விட்டதில்ல. ஏன்னா ராத்திரில யாரு வந்து கதவத் தட்டுவாங்கன்னு தெரியாது. பிள்ளைத்தாச்சிங்க எத்தன பேரு, பாம்பு கடிச்சவங்க எத்தன பேரு... 78ல உங்கம்மாவ ஏத்திக்கிட்டு வந்தப்போ, வழியில மழை. அந்தக் கைகாட்டி சிக்கிக்கிச்சு. நான் ஒரு கையில ஓட்டிக்கிட்டு, இன்னொரு கைய வெளிய நீட்டிக் காட்டிக்கிட்டே ஆஸ்பத்திரி வாசல்ல திரும்பினேன். நீ அன்னிக்குத்தான் பொறந்த."

நாற்பத்தேழு ஆண்டுகளில் இதை அவர் சொன்னதே இல்லை. அம்மா இருந்தவரை அம்மாவும் சொன்னதில்லை.

நான் அந்த 1955 அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். முதலில் ஒரு கம்பெனியின் பெயர். பிறகு வாங்கியவர்களின் பெயர்கள், மூன்று. அந்தக் காடியை யார் ஓட்டினார், யார் கழுவினார், யாருக்காக அது நள்ளிரவில் ஓடியது என்பது எந்த வரியிலும் இல்லை. இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள மோட்டார் பொருட்காட்சி சாலையில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கிறார்கள். எழுதிக் கேட்டால், ஒரு காடி எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறத்தில் போனது, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழே தருவார்கள். அனுப்பிய கதை அங்கே இருக்கிறது. இங்கே வந்திறங்கிய பிறகு நடந்த கதை நம்மிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதை எட்டிவிட்டார்கள்.

வீடு திரும்பிய பின்

மாப்பிள்ளை காடி வாங்கவில்லை. அடுத்த வாரமே வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார். சின்ன வீடுதான். ஆனாலும் இனி யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. தங்கை கோயிலில் அர்ச்சனை செய்தாள். மாப்பிள்ளைக்கு ஆசை முழுதாக விட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் பழைய காடி ஒன்று எதிரே வந்தால் முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்.

வாசகர்களே, உங்களில் யாருக்காவது பழைய காடி வாங்கும் எண்ணம் இருந்தால் நான்கு காரியம் செய்யுங்கள். அட்டையில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் காடியில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கும் அங்க அடையாளத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம், அந்தக் காடியை ஓட்டிப் பழகிய ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்து வாசலில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார்.

காடி வாங்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய புகைப்படப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தொரை காடிக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கும் ஒருவர் பல வீடுகளில் இருப்பார். எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருந்தது: ஆஸ்பத்திரி வாசல், கறுப்பு மோரிஸ் மைனர், காக்கிச் சட்டையில் அப்பா, வெள்ளைச் சட்டையில் டிரஸர், ஓரத்தில் தலையில் துண்டோடு ஒரு பெண். அன்றிரவு அப்பா பெயர்களைச் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் ஒவ்வொன்றாக எழுதினேன். காடியின் எண்ணையும் எழுதினேன். ஓரத்தில் நின்ற பெண்ணின் பெயர் மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்குப் புறப்படும்போது வாசல்வரை வந்து அந்தப் பெயரையும் சொன்னார்.